ரெண்டு ரூபாய்க்கா சார்?

உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேலேயோ டி.வி. பக்கத்திலேயோ ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். எடுத்துத் திறந்து பாருங்கள். காகிதத்தோடு ஒட்டிக்கொண்ட இரண்டு புளிப்பு மிட்டாய், ஒரு காபி மிட்டாய், மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த நாலைந்து இருமல் மிட்டாய். இதில் எதையும் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு சர்க்கரை, இன்னொருவருக்குப் பல் சொத்தை. ஆனாலும் டப்பா நிறைந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவும் உங்களுக்கு வர வேண்டிய சில்லறை. மிட்டாய் வேஷம் போட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

மிட்டாய் டப்பாவுக்கு ஒரு முழுக் கட்டுரையா, நாட்டில் வேறு பிரச்னையே இல்லையா என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். அந்தக் கேள்வியோடு சண்டை போடத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட் க்யூவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. ஐம்பது, ஐம்பத்தைந்து வயசிருக்கும். கையில் துவரம் பருப்பு, ஒரு துணி சோப்பு. பில் 148 ரூபாய். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து 150 கொடுத்தார். கல்லாவில் இருந்த பெண் அனிச்சையாக இரண்டு மிட்டாயை எடுத்து வைத்தது.

"மிட்டாய் வேணாம்மா. ரெண்டு ரூபாய் கொடு."

"சில்லறை இல்லம்மா."

"இல்லேன்னா பாத்துக் கொடு. நிக்கிறேன்."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். தள்ளுவண்டி நிறைய சாமான், கையில் கார் சாவி. "ரெண்டு ரூபாய்க்காம்மா இவ்ளோ நேரம்? இந்தாங்க, நான் தரேன். கிளம்புங்க." பத்து ரூபாய் நோட்டை நீட்டிவிட்டார் தர்மப்பிரபு.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "உங்க காசு எனக்கு எதுக்குங்க? நான் என் காசைத்தானே கேக்குறேன்" என்றார்.

சூப்பர்வைசர் வந்தார். பக்கத்துக் கல்லாவைத் திறந்தார். உள்ளே ஒற்றை ரூபாய் நாணயங்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. விஷயம் முடிந்தது. மொத்தம் ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் என்று மூன்று வருஷம் மண்டையில் ஏற்றிக்கொண்ட பாடத்தை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார். 148 ரூபாய் பில்லுக்கு 150 கொடுத்த அந்த நொடியில் நீங்கள் அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவர். கடை உங்களுக்கு இரண்டு ரூபாய் கடன்காரர். எவ்வளவு பெரிய ஏ.சி. போட்ட கடையாக இருந்தாலும் சரி. கடன்காரன் கடனைத் திருப்பித் தருவதற்குப் பதில், தன் கடைச் சரக்கை, தானே வைத்த விலைக்கு, உங்களைக் கேட்காமல் உங்கள் தலையில் கட்டுகிறான். அந்த மிட்டாயை அவன் அதே ஒரு ரூபாய்க்கா வாங்கியிருப்பான்? கடனை அடைக்கிற சாக்கில் இன்னொரு வியாபாரமும் நடந்துவிடுகிறது. அதிலும் லாபம்.

சரி, மிட்டாயும் காசு மாதிரிதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டு பக்கமும் செல்ல வேண்டும் இல்லையா? எங்கள் தெருவில் ரிட்டயர்டான ஒரு பெரியவர் இதைச் சோதித்துப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்பில் வருஷம் முழுக்கக் கொடுத்த இருமல் மிட்டாய்களைச் சேர்த்து வைத்து, ஒருநாள் 76 ரூபாய் மாத்திரை பில்லுக்கு அறுபது ரூபாயும் பதினாறு மிட்டாயும் எண்ணி வைத்தார்.

"இதெல்லாம் எடுத்துக்க முடியாது சார்."

"நீங்க குடுத்ததுதானே தம்பி? நீங்க குடுத்தா காசு, நான் குடுத்தா மிட்டாயா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் மிட்டாயை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் பெரியவருக்கு மட்டும் சில்லறை சரியாக வருகிறது. மற்றவர்களுக்கு இருமல் மிட்டாய் தொடர்கிறது.

தர்மப்பிரபுவுக்கு வருவோம். அவர் அவசரத்தில் இருந்தார், நியாயம். ஆனால் அவர் நேரத்தைத் தின்றது யார்? தன் காசைக் கேட்ட அம்மாவா? பக்கத்துக் கல்லாவில் நாணயத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்ன கடையா? அவருக்குக் கடைமேல் கோபம் வரவில்லை. கேட்டவர்மேல் வந்தது. இதுதான் எனக்குப் புரியாத விஷயம். புரிந்தபோது பிடிக்காத விஷயம். கடையை மிரட்டிக் கேட்டால் கடை பதில் சொல்ல வேண்டியிருக்கும். க்யூவில் நிற்கிற நூல் புடவைக்காரரைப் பார்த்து 'ரெண்டு ரூபாய்க்கா?' என்றால் பொதுவாக யாரும் பதில் சொல்வதில்லை. வெட்கப்பட்டு நகர்ந்துவிடுவார்கள். கடைக்குச் சேர வேண்டிய வெட்கத்தை நாமே வாங்கி, பக்கத்தில் நிற்கிறவர் தலையில் வைத்துவிடுகிறோம். கடைக்காரர் இதற்காக ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். அவருக்கான காவலாளி வேலையைக் க்யூ பார்த்துக்கொள்கிறது.

கல்லாவில் இருந்த பெண்ணை நான் இதில் சேர்க்கவில்லை. ராத்திரி கணக்கு முடிக்கும்போது குறைந்தால் சொந்தக் கையிலிருந்து போட வேண்டிய பிழைப்பு எத்தனையோ கடைகளில் நடக்கிறது. கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாடு சட்டசபையில் ஒரு திருத்த மசோதா வர வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணிடம் கத்திப் பிரயோஜனமில்லை. கல்லாவில் எவ்வளவு சில்லறை வைப்பது என்று முடிவு செய்கிறவர் அந்தப் பெண் இல்லை.

முடிவு செய்கிறவருக்கு ஒரு கேள்வி. பில் ஏன் ஐயா 148-ல் முடிகிறது? விலையை 99, 149, 499 என்று போட்டது நானா? இதற்கு நம் ஊரில் 'பாட்டா விலை' என்றே பேர் உண்டு. செருப்பு 399 ரூபாய் 95 காசு என்று எழுதியிருக்கும். நானூறு என்று சொன்னால் மனசு சுருங்கும், முந்நூற்றுச் சொச்சம் என்றால் விரியும். தெரிந்த வித்தைதான். தாராளமாகச் செய்யுங்கள், வியாபாரம். ஆனால் 99 என்று எழுதிவைப்பது ஒரு வாக்குறுதி. நூறு கொடுத்தால் ஒரு ரூபாய் திருப்பித் தருவேன் என்று நீங்கள்தான் போர்டு எழுதி மாட்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு ரூபாயைத் தரும் உத்தேசம் இல்லையென்றால் உங்கள் விலை நூறு. நூறு என்றே எழுதுங்கள்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது ஒரு பேச்சுக்குத்தான், எந்தக் கடையின் கணக்கும் இல்லை. நாளைக்கு 500 பில் போடுகிற ஒரு கடை. பில்லுக்கு ஒரு ரூபாய் இப்படி நின்றுபோனால் நாளைக்கு 500, மாதம் 15,000, வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். கல்லாவில் நிற்கிற ஒரு பெண்ணின் சம்பளமே அதில் வந்துவிடும் போலிருக்கிறது. அதாவது அவர் சம்பளத்தை நீங்களும் நானும் கொடுக்கிறோம், வாங்கிக்கொண்ட மிட்டாயைச் சப்பியபடி. 'ரெண்டு ரூபாய்தானே' என்பது வாங்குகிறவர் பக்கத்துக் கணக்கு. விற்கிறவர் பக்கத்தில் யாரும் 'தானே' போடுவதில்லை.

நம் தாத்தாக்கள் இப்படி இல்லை. 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வருவதற்கு முன்னால் ரூபாய்க்கு பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஒரு ரூபாய் என்பது 192 தம்பிடி. ரூபாயை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பேர் வைத்து, கணக்கு எழுதி, கேட்டு வாங்கியவர்கள். அவர்களை யாரும் கஞ்சன் என்று சொல்லவில்லை, கணக்கானவர் என்றார்கள். இன்றைக்கு 'தம்பிடி தேறாது' என்று பேச்சில் மட்டும் வைத்திருக்கிறோம்.

நாணயங்களின் கதையோ பரிதாபம். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ம் தேதியோடு செல்லாமல் போயின. அரசாங்கம் முறையாக அறிவித்து அடக்கம் செய்தது. 50 காசை அப்படி யாரும் அறிவிக்கவில்லை. சட்டப்படி அது உயிரோடு இருக்கிறது. 2011-ம் வருஷத்து நாணயச் சட்டம் பத்து ரூபாய் வரைக்கும் 50 காசாகவே எண்ணிக் கொடுக்கலாம் என்கிறது. கொடுத்துப் பாருங்கள். கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கூட உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நாமே கூடிக் கொன்ற நாணயம் அது. தபால் அட்டை எத்தனையோ வருஷம் ஐம்பது காசுக்கு விற்றது. அதை ஐம்பது காசு கொடுத்து ஒற்றையாக வாங்கியவர் உண்டா?

சிரிக்கலாம். ஆனால் இன்னொரு இடத்தில் சிரிப்பு வரவில்லை. 2017 நவம்பரில் ரேஷன் சர்க்கரையைக் கிலோ 25 ரூபாய் ஆக்கியபோது, பரம ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டுக்கு மட்டும் பழைய விலையே தொடரும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பழைய விலை 13 ரூபாய் 50 காசு. நல்ல விஷயம். ஆனால் பதினாலு ரூபாய் கொடுத்தவருக்கு மீதி 50 காசு எந்த ரூபத்தில் வரும்? 50 காசை யாரும் வைத்துக்கொள்ளாத ஊரில், அரசாங்கமே ஐம்பது காசில் ஒரு விலையை வைத்திருக்கிறது. அதுவும் இருப்பதிலேயே ஏழையான கார்டுக்கு.

பத்து ரூபாய் நாணயத்துக்கு வந்த கதி உங்களுக்கே தெரியும். 14 டிசைன் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே சொன்னது. அதற்குப் பிறகும் நம் மாவட்டங்கள் பலவற்றில் 'பத்து ரூபா காயின் வாங்க மாட்டோம்' என்று ராஜாங்கம் நடத்தினார்கள். 2022-ல் தர்மபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் வெறுத்துப்போய், பத்து ரூபாய் நாணயங்களாகவே ஆறு லட்சம் சேர்த்து, சேலத்தில் கார் வாங்கினார். அவர் அம்மா நடத்திய கடையில் வாடிக்கையாளர்கள் அந்த நாணயத்தைச் சில்லறையாக வாங்க மறுத்ததுதான் ஆரம்பம். இந்த இடத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடைக்காரர் மட்டும் இல்லை, நாமும்தான். 'சில்லறை இல்லை' என்று அவர் சொல்வதற்கு, 'இது வேணாம், வேற கொடு' என்று நாம் சொன்னதும் ஒரு காரணம். சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேல் நாணயத்தை வாங்கிக்கொள் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கார்க் கம்பெனிக்காரர் உட்கார்ந்து ஆறு லட்சத்தையும் எண்ணியது அவர் பெருந்தன்மை.

இங்கே ஒரு வாசகர் கையைத் தூக்குகிறார். 'அதெல்லாம் பழைய கதை சார். இப்போ போனைக் காட்டினா முடிஞ்சுது.'

பாதி உண்மை. 2016-ல் யு.பி.ஐ. வந்தது, அதே வருஷம் நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது. இரண்டும் சேர்ந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் அட்டையை ஒட்ட வைத்துவிட்டன. டீ பன்னிரண்டு ரூபாய் என்றால் பன்னிரண்டு ரூபாய். டீக்கடைக்காரரும் நிம்மதி, நீங்களும் நிம்மதி. பஸ்ஸில் 'சில்லறையா எடுங்க, சில்லறையா எடுங்க' என்ற சுப்ரபாதமும், டிக்கெட் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு நாம் இறங்கும்போது கண்டக்டர் முன்பக்கம் இருப்பதும் குறைந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றானதில் அவர்களுக்குச் சில்லறைச் சண்டையே இல்லை.

ஆனால் கவனியுங்கள். சின்ன ஆளிடம்தான் கணக்கு சரியாகியிருக்கிறது. காசுக்காசாகப் பைசா சுத்தமாகப் பணம் அனுப்பும் வசதி வந்த பிறகு, பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள்? மிட்டாயை விட்டுவிட்டு நேராகவே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2023-ல் சாப்பாடு டெலிவரி கம்பெனிகள் இரண்டும் ஆர்டருக்கு இரண்டு ரூபாய் 'பிளாட்ஃபார்ம் ஃபீ' என்று ஒரு வரி சேர்த்தன. இரண்டு ரூபாய்தானே! 2025 முடிவதற்குள் அது பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. டெலிவரிக்குத் தனிக் காசு, பேக்கிங்குக்குத் தனிக் காசு, எல்லாவற்றுக்கும் வரி. இதில் பிளாட்ஃபார்ம் எது? ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கினால் நிற்பதற்கு ஒரு இடமாவது தருகிறார்கள்.

சினிமா டிக்கெட்டை வீட்டிலிருந்து புக் பண்ணினால் 'வசதிக் கட்டணம்'. யாருக்கு வசதி? டிக்கெட் கொடுக்க ஆள் வைக்க வேண்டாம், கவுன்ட்டர் வேண்டாம், பேப்பர் வேண்டாம். என் போன், என் நெட், என் பேட்டரி, என் விரல். வசதி அவர்களுக்கு, கட்டணம் எனக்கு.

இதைவிடச் சாமர்த்தியம் ஒன்று இருக்கிறது. பணம் கட்டப் போகும்போது 'ஏழைக் குழந்தைகளுக்கு இரண்டு ரூபாய்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தே வைத்திருப்பார்கள். அதை எடுக்கப் போனால் ஏதோ குழந்தையின் தட்டைப் பிடுங்குகிற மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி. அந்த உணர்ச்சியைச் சும்மா விடவில்லை, அதற்கென்றே ஆள் வைத்து டிசைன் பண்ணியிருக்கிறார்கள். இது என் சந்தேகப் புத்தி இல்லை. இணைய வியாபாரிகள் செய்யக் கூடாத தந்திரங்கள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பட்டியல் போட்டது. நாம் கேட்காததைக் கூடைக்குள் நைசாகப் போடுவது அதில் ஒன்று. விலையைத் துளித்துளியாகச் சொல்லிக் கடைசியில் ஏற்றுவது ஒன்று. வேண்டாம் என்று சொல்ல வாங்குகிறவரை வெட்கப்பட வைப்பது இன்னொன்று. வெட்கப்பட வைப்பது! தர்மப்பிரபு க்யூவில் நின்று இலவசமாகச் செய்ததைக் கம்பெனிகள் சாஃப்ட்வேராக எழுதிவிட்டன.

வெட்கம் என்றதும் உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி ஞாபகம் வந்திருக்கும். கீரை விற்கிற பாட்டியிடம் பேரம் பேசாதீர்கள், மாலில் மட்டும் கேட்ட விலையைக் கொடுக்கிறீர்களே என்று கண்ணீரோடு வருமே, அது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பாட்டியிடம் பேசுங்கள், பேரமும் பேசுங்கள். அவர் ஏமாளி இல்லை. நீங்கள் பத்து என்பீர்கள், அவர் பதினைந்து என்பார், பன்னிரண்டில் முடியும். இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, அவராகவே நாலு கொத்து கறிவேப்பிலையை எடுத்து உங்கள் பையில் போடுவார். அதற்குத் தமிழில் கொசுறு என்று பேர். கணக்கு முடிந்த பின்னால் விற்கிறவர் கையிலிருந்து வாங்குகிறவர் பைக்குப் போவது. ஏ.சி. போட்ட கடையில் கொசுறு திசை மாறிவிட்டது. கணக்கு முடிந்த பின்னால் வாங்குகிறவர் கையிலிருந்து விற்கிறவர் கல்லாவுக்குப் போகிறது. பேரம் இல்லை, பேச்சும் இல்லை.

ஆட்டோவில் பாருங்கள். சென்னையில் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அதைத் திருத்தவில்லை. ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேலே இருபது கேட்டால் நடுரோட்டில் இறங்கி நியாயம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதே குரல் மாலில் பார்க்கிங் சீட்டை வாங்கும்போது எங்கே போகிறது? அங்கே கேட்டால் 'லோ கிளாஸ்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைக்கிறவரிடம் உரிமை. மேலே இருப்பதாக நினைக்கிறவரிடம் பெருந்தன்மை. இதைப் பெருந்தன்மை என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் சண்டிகரில் ஒருவர் மேலே சொன்ன அதே பாட்டா கடையில் செருப்பு வாங்கினார். பில்லில் காகிதப் பைக்கு மூன்று ரூபாய். பையில் கம்பெனியின் பேர். உங்கள் விளம்பரத்தை நான் காசு கொடுத்துச் சுமக்க வேண்டுமா என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மூன்று ரூபாய்க்கு மொத்தம் ஒன்பதாயிரம் ரூபாய் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையமும், முன்கூட்டிச் சொல்லாமல் கல்லாவில் வைத்துப் பைக்குக் காசு கேட்பது முறையற்ற வியாபாரம் என்று இன்னொரு பெரிய கடைக்குச் சொன்னது. நம் ஊரில் ஜவுளிக் கடைக்காரர்கள் தங்கள் பேரை அச்சடித்து மஞ்சப்பையைச் சும்மா கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக்கைத் தடை செய்தது நல்லதுதான், 2021-ல் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததும் நல்லதுதான். ஆனால் சுற்றுச்சூழலின் பேரைச் சொல்லிப் பத்து ரூபாய்க்கு விளம்பரப் பை விற்பதில் எந்த மரம் பிழைக்கிறது?

ஹோட்டல் சர்வீஸ் சார்ஜ் கதையும் இப்படித்தான். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் உத்தரவு போட்டார்கள். ஹோட்டல் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச்சில் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பத்து சதவிகிதத்துக்காக ஹைகோர்ட் வரைக்கும் போக அவர்களுக்கு வெட்கமே இல்லை. 'பத்து பர்சென்ட்டுக்கா சார்?' என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

அரசாங்கத்தைத் திட்டுவது என் தொழில் என்றாலும் இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பைசாவை ரூபாயாக்கும் விஷயத்தில் வரிச் சட்டம் நாணயமாகவே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு, ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு என்கிறது. சில சமயம் சர்க்காருக்கு, சில சமயம் நமக்கு. எந்தப் பக்கம் என்று எண்தான் தீர்மானிக்கிறது. கடை பில்லில் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படியுங்கள். சில கடைகளில் அது ஏறத்தான் தெரிந்தது, இறங்கத் தெரியாதது.

மதுராவில் ஒரு வக்கீல். 1999 கிறிஸ்துமஸ் அன்று மொராதாபாத் போக இரண்டு டிக்கெட் வாங்கினார். டிக்கெட் 35 ரூபாய், இரண்டுக்கு 70. கவுன்ட்டரில் 90 எடுத்துக்கொண்டார்கள். இருபது ரூபாயைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. கேஸ் போட்டார். நூறு வாய்தாவுக்கு மேல் நடந்தது. 2022 ஆகஸ்டில், இருபத்திரண்டு வருஷம் கழித்து, இருபது ரூபாயை வட்டியோடு திருப்பிக் கொடு, கூடவே பதினைந்தாயிரம் கொடு என்று ரயில்வேக்கு உத்தரவு வந்தது. செய்தியைப் படித்துவிட்டு என் நண்பர்கள் இரண்டு பேர் 'பைத்தியக்காரன்' என்றார்கள். ஒருவர் செலவுக் கணக்குகூடப் போட்டுக் காட்டினார், அவரும் காமர்ஸ்தான். இருபது ரூபாய்க்காக இருபத்திரண்டு வருஷம் வக்கீல் வைத்து வாதாடிய ரயில்வேயை இரண்டு பேரில் ஒருவரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. அந்தச் செலவு யார் வீட்டுக் காசு என்றும் கேட்கவில்லை.

உங்களை இருபத்திரண்டு வருஷம் அலையச் சொல்லவில்லை. அடுத்த தடவை மிட்டாய் வரும்போது 'வேண்டாம், காசு கொடுங்க' என்று சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டாம், சிரித்துக்கொண்டே சொல்லலாம். முன்னால் நிற்கிறவர் கேட்டுக்கொண்டிருந்தால் மணியைப் பார்க்காமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பேசியும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கே போனை எடுக்கிறவர் 'ரெண்டு ரூபாய்க்கா சார்?' என்று கேட்டால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.